ஜப்தி வீட்டை வாங்கி விற்கும் முன் பார்க்க வேண்டிய நிபந்தனை

அமெரிக்காவில் வங்கி ஜப்தி செய்த வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து உடனே விற்கும் எண்ணமா? விலை பேசும் முன்பே ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘பத்திரம் பதிவானதிலிருந்து 3 மாதத்துக்குள், வாங்கிய விலையில் 120 சதவீதத்துக்கு மேல் விற்கக் கூடாது’ என்பதுபோன்ற நிபந்தனை அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு பத்திரத்திலும் ஏறிவிடும். 1,00,000 டாலர் வீட்டுக்கு மராமத்து 40,000 ஆனாலும் உச்சவரம்பு 1,20,000தான்.

அந்தத் தடையே இல்லாவிட்டாலும் எஃப்.எச்.ஏ. கடன் (அமெரிக்க அரசின் வீட்டுவசதி நிர்வாகம் உத்தரவாதம் தரும் வீட்டுக்கடன்) விதி குறுக்கே வரும். நீங்கள் வாங்கி 90 நாள் தாண்டாமல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தானால், வாங்குபவருக்கு அந்தக் கடன் கிடைக்காது. வங்கி நேரடியாக விற்கும்போது உள்ள விலக்கு உங்களுக்குச் செல்லாது. 91 முதல் 180 நாளுக்குள் விலை இருமடங்கானால் இரண்டாவது மதிப்பீடும் வேண்டும். காத்திருக்கும் மாதங்களின் வட்டி, வரி, காப்பீட்டை வீட்டை வாங்க நீங்கள் தர முன்வரும் விலையிலேயே கழித்துவிடுங்கள்.