டிஸ்னி அரை மரதன்: ஓட்ட நாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே தயாராவது எப்படி?

புளோரிடாவில் இருக்கும் மச்சாளோ சித்தப்பாவோ "வாங்கோ, டிஸ்னியிலை ஓடுவம்" என்று கூப்பிட்டு, விசாவும் கிடைத்து, பதிவும் செய்து முடித்துவிட்டீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பயிற்சி அட்டவணைகள் இணையத்தில் எக்கச்சக்கமாகக் கிடக்கின்றன. ஆனால் ஓட்ட நாளை எப்படிச் சமாளிப்பது என்று எங்களுடைய ஊரிலிருந்து போகிறவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. மச்சாளுடன் நான் அரை மரதன் ஓடியபோது என்னைக் களைக்கப்பண்ணியது 21 கிலோமீற்றர் இல்லை, அதற்கு முன்னால் இருட்டில் நின்ற இரண்டரை மணித்தியாலம். அதனால் நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் நித்திரை, சாப்பாடு, குளிர், காத்திருத்தல் பற்றித்தான் இருக்கும்.

முதலில் எதில் ஓடப்போகிறீர்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் மரதன் 1994இல் தொடங்கியது. ஜனவரியில் நடக்கும் அந்த வார இறுதியில் 5 கிலோமீற்றர், 10 கிலோமீற்றர், அரை மரதன், முழு மரதன் என்று நாளுக்கு ஒன்றாக நான்கு ஓட்டங்கள். நான்கையும் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், கூட்டினால் 48.6 மைல், ஏறத்தாழ 78 கிலோமீற்றர். முதல்முறை போகிறவர் அதை நினைக்கவே வேண்டாம்.

அரை மரதன் எப்கொட் பூங்காவுக்குப் பக்கத்தில் தொடங்கி, பெரிய றோட்டு வழியாக மஜிக் கிங்டம் என்ற இன்னொரு பூங்காவுக்குள் நுழைந்து, அங்கே நிற்கும் சின்ட்ரெல்லா கோட்டையின் நடுவால் புகுந்து வெளியே வந்து, திரும்பவும் எப்கொட்டில் முடியும். முழுத் தூரமும் பூங்காவுக்குள் என்று நினைக்காதீர்கள், பெரும்பகுதி தார் றோட்டுத்தான். புளோரிடாவும் யாழ்ப்பாணம் மாதிரித் தட்டையான நிலம். ஏற்றம் என்று வருவது பெரும்பாலும் மேம்பாலங்களிலும் அவற்றுக்கு ஏறும் வளைவுகளிலும்தான், ஆனால் அவற்றில் கடினமானவை ஓட்டத்தின் பிற்பகுதியில் வருவதால் காலைப் பிடிக்கும்.

நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரே எண் 16. ஒரு மைலுக்கு 16 நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. எங்களுடைய கணக்கில் ஒரு கிலோமீற்றருக்கு 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, அரை மரதன் முழுவதற்கும் மூன்றரை மணித்தியாலம். எல்லாருக்கும் கடைசியாகப் பலூன் கட்டிக்கொண்டு சில பெண்கள் இந்த வேகத்திலேயே நடந்து வருவார்கள், 'பலூன் லேடீஸ்' என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கும் பின்னால் போய்விட்டால் உங்களை பஸ்சில் ஏற்றி முடிவிடத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.

ஊரிலேயே ஒத்திகை பாருங்கள்

கடைசி இரண்டு மாதத்தில் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்தையும் விடிய நாலரைக்கே, இருட்டில் தொடங்குங்கள். நான் கோட்டையடியிலிருந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்திப் பக்கம் போய்த் திரும்புவேன். கடல்காற்று முகத்திலேயே அடிக்கும், போகும்போது தள்ளிவிட்டால் வரும்போது இழுத்துப் பிடிக்கும், அதுவும் ஒரு பயிற்சிதான். நாய்த் தொல்லை இருக்கிறது, அதிலும் ஒரு பெண் தனியாக அந்த நேரம் ஓடுவது இங்கே இன்னும் லேசான காரியம் இல்லை. எனக்குத் தம்பி ரோச் லைற்றுடன் சைக்கிளில் கூட வந்தான். யாரையாவது கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மேம்பாலத்துக்கு இங்கே வழியில்லை, ஆனால் துரையப்பா விளையாட்டரங்கின் கலரிப் படிகளை வாரத்தில் ஒருநாள் ஏறி இறங்கினால் தொடைக்கு அந்த வலு வந்துவிடும்.

முழுத் தூரமும் ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கலோவே பரப்பிய ஓட்டம்–நடை முறையைத்தான் டிஸ்னி ஓட்டக்காரர்களில் ஏராளமானோர் பின்பற்றுகிறார்கள்: ஒரு நிமிடம் ஓடு, ஒரு நிமிடம் நட, களைக்கும் முன்னமே நடக்கத் தொடங்கு. களைத்த பிறகு நடந்தால் அது ஓய்வாக இராது. இந்த முறையைத் தொடக்கத்திலிருந்தே பழகுங்கள், ஓட்ட நாளில் புதிதாகத் தொடங்கினால் தாளம் பிடிபடாது.

உடுப்பையும் இங்கேயே சோதியுங்கள். அங்கே பாதிப்பேர் வேடம் போட்டு ஓடுவார்கள், பார்க்கவே மனம் நிறையும். நான் அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றில் முழங்காலளவு பாவாடை தைத்து, உள்ளே இறுக்கமான காற்சட்டையோடு ஓடினேன். அதைப் போட்டுக்கொண்டு இங்கே இரண்டு முறை 10 கிலோமீற்றர் ஓடிப் பார்த்ததில்தான் இடுப்புப் பட்டி எங்கே உரசுகிறது என்று தெரிந்து மாற்றித் தைத்தேன். உடுப்பு நிலத்தில் இழுபடக்கூடாது, முகத்தை மூடும் முகமூடி வேண்டாம், கூரான பொருளோ ஆயுதம் போன்ற எதுவுமோ விடமாட்டார்கள். செல்ஃபி குச்சியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

சப்பாத்து, மேஸ் இரண்டும் ஏற்கெனவே பல ஓட்டம் ஓடியவையாக இருக்க வேண்டும். அங்கே போய்க் கடையில் ஒரு வடிவான மேஸ் சோடியைப் பார்த்து ஆசைப்பட்டு அதையே ஓட்டத்துக்குப் போட்டேன், பதினாலாவது கிலோமீற்றரில் இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. கடைசி ஏழு கிலோமீற்றரும் ஒவ்வொரு அடியும் நோவுதான்.

நேர வித்தியாசத்தைச் சாதகமாக்குங்கள்

இதை ஊன்றி வாசியுங்கள், வேறு இடத்தில் இந்தக் கணக்கு கிடைக்காது. ஜனவரியில் புளோரிடா எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. அரை மரதன் தொடங்குவது விடிய 5 மணிக்கு, அப்போது யாழ்ப்பாணத்தில் பின்னேரம் மூன்றரை. நீங்கள் எழும்ப வேண்டிய இரவு 2 மணி, ஊரில் மத்தியானம் பன்னிரண்டரை!

போய் இறங்கியவுடன் உடம்பு ஊர் நேரத்திலேயே இருக்கும். அங்கே மத்தியானம் கண் சொக்கும், இரவில் நித்திரை வராது. மேற்கே போகும்போது உடம்பு நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் என்ற கணக்கில் பின்னே நகரும். ஓட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் போய்ச் சேர்ந்தால், ஓட்டத்துக்கு முந்தின நாள் பின்னேரம் ஏழு மணிக்கு நித்திரை தானாக வரும் கட்டத்தில் இருப்பீர்கள். உங்களுக்குத் தேவையானதும் அதுதான். அங்கே உள்ள சொந்தங்கள் "இரவு பத்து மணிவரை முழிச்சிரு, அப்பத்தான் நேரம் சரிவரும்" என்று பிடித்துவைப்பார்கள், கேட்காதீர்கள். ஓட்டம் முடிந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பயணத்தில் சப்பாத்து, ஓடும் உடுப்பு, வழமையாகப் போடும் குளிசை எல்லாம் கைப்பையில். கட்டுநாயக்கவில் ஏற்றிய பெரிய பெட்டி உங்களோடேயே வந்து சேரும் என்று நம்பி இவற்றை அதற்குள் வைக்காதீர்கள். ஓட்டத்தில் சாப்பிட ஒரு பனங்கட்டிக் குட்டானும் நாலைந்து ஜீவனிப் பைக்கற்றும் கொண்டுபோனேன். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இலக்கத்தை எடுத்தல்

ஓட்ட இலக்கத்தை ஈஎஸ்பிஎன் விளையாட்டு வளாகத்தில் நடக்கும் கண்காட்சியில், ஓட்டத்துக்கு முன்னைய நாட்களில், நீங்களேதான் போய் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள். உங்களுக்காக மச்சாள் எடுக்க முடியாது, ஓட்ட நாள் காலையிலும் கொடுக்கமாட்டார்கள். இலக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும், எந்தக் குழுவில் நிற்க வேண்டும் என்பது அதுதான். முன்னைய ஓட்ட நேரச் சான்று கொடுக்காத புதியவர்களைப் பெரும்பாலும் பின்குழுக்களில்தான் போடுவார்கள். இதுக்குக் கவலைப்பட வேண்டாம், ஆனால் ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன். அங்கே சாமான் கடைகள் நிறைய. ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுங்கள், கால் உங்களுக்கு நாளைக்கு வேண்டும்.

முந்தின நாள்

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் மிகப் பெரிய ஆபத்து நண்டுக் குழம்பு. நீங்கள் ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள், அவர்கள் அன்பில் யாழ்ப்பாணத்துத் தூள் அள்ளிப் போட்டுச் சமைத்து வைத்திருப்பார்கள். முதல்நாளே சொல்லிவிடுங்கள்: "அக்கா, ஓடி முடிச்சுவந்து வயிறாரச் சாப்பிடுறன், இண்டைக்கு வெறும் சோறும் பருப்பும் போதும்." முக்கியமான சாப்பாட்டை மத்தியானமே முடித்து, பின்னேரம் ஐந்தரைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

படுக்கும் முன் உடுப்பை மேசையில் விரித்து, ரீசேர்ட்டின் முன்பக்கத்தில் இலக்கத்தை நாலு ஊக்கால் குத்தி, வசிலின், போன், கடவுச்சீட்டின் படப்பிரதி, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். இரண்டு அலாரம். நித்திரை வராவிட்டாலும் பயப்படாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடவுங்கள், முந்தின இரண்டு மூன்று இரவு நல்ல நித்திரை இருந்தால் ஓர் இரவு கெடுவதால் ஓட்டம் கெட்டுப்போகாது.

இரவு 2 மணி முதல் 5 மணி வரை

எழும்பியவுடன் ஒரு கோப்பை தண்ணீர். இரண்டு துண்டு பாணில் ஜாம் பூசி, ஒரு வாழைப்பழத்தோடு சாப்பிடுங்கள், இதையும் ஊரில் நாலரை மணி ஓட்டங்களுக்கு முன் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். உரசும் இடமெல்லாம் வசிலின்.

டிஸ்னி விடுதியில் தங்கினால் இரண்டரை மணியளவிலிருந்தே பஸ் விடுவார்கள், வீட்டிலிருந்து காரில் போனால் றோட்டு மூடும் நேரத்தை முந்தின நாளே பார்த்துவையுங்கள். எப்படிப் போனாலும் மூன்று, மூன்றரைக்குள் அங்கே நிற்பது நல்லது. பாதுகாப்புச் சோதனை, பை ஒப்படைக்கும் இடம், கழிப்பறை, அப்புறம் குழு நிற்கும் இடத்துக்கு ஒரு நீண்ட நடை. நல்லூர்த் தேருக்கு விடிய வெள்ளன எழும்பிப் போய்ச் சனத்துக்குள் கால்கடுக்க நின்றிருக்கிறீர்களா? அதே பொறுமைதான் இங்கேயும் வேண்டும், ஆனால் குளிரோடு.

குளிரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புளோரிடா வெப்பமான இடம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது பகலில். ஜனவரி விடியற்காலை 10 பாகைக்குக் கீழேயும் போகலாம், மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் சுற்றும் எங்களுக்கு அது கடும் குளிர். வேறொரு வருடம் அதே நாள் புழுக்கமாகவும் இருக்கும், இரண்டுக்கும் தயாராகப் போங்கள். திரும்பக் கொண்டுவரத் தேவையில்லாத பழைய சுவெற்றர் ஒன்று, இருந்து களையாற நிலத்தில் விரிக்கப் பழைய சாரம் ஒன்று, மேலே போர்த்தப் பெரிய குப்பைப் பை ஒன்று. தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கழற்றி ஓரமாகப் போடலாம்.

குழு குழுவாக விடுவதால் 5 மணிக்கு வெடி வெடித்தாலும் பின்குழு புறப்பட மேலும் ஒரு மணித்தியாலம்வரை ஆகலாம். அதுவரை நின்றுகொண்டிராமல் நிலத்தில் இருந்து களையாறுங்கள். தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். குழுவுக்குள் போகும் முன் கடைசியாக ஒருமுறை கழிப்பறைக்குப் போங்கள், வரவில்லை என்றாலும்.

ஓடும்போது

பின்குழுவில் நிற்பது ஏன் முக்கியம் என்றால், பலூன்காரர் கடைசிக் குழுவுக்குப் பின்னாலேயே புறப்படுவார்கள், உங்களுக்கும் பலூன்காரருக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் உங்கள் கையிருப்பு. மிக்கி, கூஃபி என்று வழி நெடுகப் பாத்திரங்கள் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் படம் எடுக்க வரிசை. நீங்கள் கிலோமீற்றருக்கு 8 நிமிடம் என்று போனால் அரை மரதனுக்கு 2 மணி 49 நிமிடம், எல்லை மூன்றரை மணி, ஆக 40 நிமிடம் மிச்சம். ஒரு வரிசையில் ஐந்து பத்து நிமிடம் போனால் மூன்று நாலு படத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எந்தப் பாத்திரம் உண்மையிலேயே வேண்டும் என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். நான் முதல் ஆறு கிலோமீற்றரில் ஒன்றுக்கும் நிற்கவில்லை, கோட்டைக்கு முன்னால் மட்டும் நின்றேன்.

பலகைகள் மைலில் இருக்கும், கைக்கடிகாரத்தையும் மைலுக்கு மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் மனக்கணக்கிலேயே களைத்துவிடுவீர்கள். நடக்கும் நிமிடத்தில் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வலது ஓரத்துக்குப் போங்கள், நடுவில் திடீரென்று நின்றால் பின்னால் வருகிறவர் மோதுவார். பனங்கட்டியை 40 நிமிடத்துக்கு ஒரு சிறு துண்டாக, தண்ணீர் கொடுக்கும் இடம் கண்ணில் படும்போது வாயில் போடுங்கள். நெஞ்சு நோவு, தலைச்சுற்று என்றால் யோசிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள், ஏற்கெனவே இதயக் கோளாறோ சலரோகமோ இருப்பவர் பதிவு செய்யும் முன்னரே வைத்தியரிடம் கதைத்திருக்க வேண்டும்.

மஜிக் கிங்டத்துக்குள் நுழையும் இடத்தில் விளக்கும் சனமும் சத்தமும் சேர்ந்து கால் தானாக வேகமெடுக்கும். அங்கே இழுத்துப் பிடியுங்கள். மேம்பாலங்கள் இன்னும் பின்னால் இருக்கின்றன.

முடித்த பிறகு

பதக்கத்தை வாங்கியவுடன் இருந்துவிடாதீர்கள், பத்து நிமிடமாவது நடவுங்கள். வியர்வை காயும்போது குளிர் பிடிக்கும், ஒப்படைத்த பையில் காய்ந்த ரீசேர்ட்டும் சுவெற்றரும் இருக்கட்டும். ஜீவனியை நான் அப்போதுதான் கரைத்துக் குடித்தேன். ஊருக்கு அழைப்பெடுங்கள், அங்கே ஆறரை ஏழு மணி, அம்மா விளக்கேற்றிவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பா.

திரும்பும் விமானம் அன்றே வேண்டாம், இரண்டு நாளாவது விடுங்கள். நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு எடுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடக்காவிட்டால் கட்டுநாயக்கவில் இறங்கும்போது கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகாது.