முதல் தூண்டில்: ராடும் ரீலும் வாங்கிப் பூட்டும் முறை

கடையில் விலை கேட்பதற்கு முன் எங்கே நின்று போடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, கடலூர் உப்பனாறு போன்ற கழிமுகக் கரைகளில் 20, 30 மீட்டர் எறிந்தாலே மீன் இருக்கும் தண்ணீருக்குப் போய்விடும். தேவனாம்பட்டினம் மணலில் நின்றால் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போட வேண்டும், அங்கே 100 கிராம் ஈயம் இல்லாமல் தூண்டில் நிற்காது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ராடு (தூண்டில் கம்பு) செய்யாது. இரண்டுக்கும் பொதுவாக 9 அடியில் ஒன்று வாங்கிப் போகிறவர்களுக்கு அது ஆற்றில் பாரம், கடலில் போதாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கழிமுகத்திலேயே தொடங்குவது நல்லது.

அதற்கு 7 முதல் 8 அடி ராடு. கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் 10–40 கி என்பதுபோல ஓர் அளவு அச்சாகியிருக்கும். கிராம் கணக்கில் எறியக்கூடிய எடை அது. அதற்கு மேல் ஈயம் கட்டி வேகமாக வீசினால் நுனி ஒடியும். குறைவாகக் கட்டினால் ராடு வளையாது, வளையாத ராடு தூரம் போடாது. மடக்கு ராடு பையில் வைக்க வசதிதான், ஆனால் மூட்டுகளில் மணலும் உப்பும் புகுந்து இறுகிவிடும். இரண்டு துண்டு ராடே மேல். கண்ணாடி இழை ராடு கனம், அடி தாங்கும். கார்பன் ராடு லேசு, கல்லில் ஒரு முறை மோதினால் உள்ளே விரிசல் விட்டு அடுத்த மீனில் முறியும். கார்பனில் மின்சாரமும் பாயும். மின்கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டதும் கரையை விட்டு வந்துவிடுங்கள்.

நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் 3000 அல்லது 4000 என்ற அளவு எண்ணில் இருக்கட்டும். நரம்பு, அதாவது தூண்டில் இழை, 0.30 மி.மீ. நைலான், ஏறக்குறைய 6 கிலோ தாங்கும். பின்னிய பிரெய்ட் நரம்பு இன்னும் தூரம் போகும், ஆனால் பாலத் தூணில் ஒட்டியிருக்கும் ஆளி ஓட்டில் உரசினால் நொடியில் அறுந்துவிடும், முடிச்சும் வழுக்கும். கை பழகிய பிறகு அதற்கு மாறலாம்.

முதல் நாளே பலருக்கு நரம்பு சிக்குவதற்குக் காரணம் அதைச் சுற்றிய விதம். ரீலை ராடில் பூட்டி, பெயில் கம்பியை (நரம்பைப் பிடித்துச் சுற்றிவிடும் வளைந்த கம்பி) திறந்துவைத்து, நரம்பை நுனி வளையத்திலிருந்து கீழ்நோக்கிக் கோத்து ரீலில் நரம்பு ஏறும் ஸ்பூலில் கட்டுங்கள். கம்பியைத் திறக்காமல் கட்டினால் சுற்றும்போது நரம்பு ஏறாது, அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். கடையில் வாங்கிய நரம்பு உருளையைத் தரையில் படுக்க வையுங்கள். ஈரத் துணியால் நரம்பைப் பிடித்து இழுவை கொடுத்துக்கொண்டே 15 சுற்று சுற்றி நிறுத்தி, ராடு நுனியைத் தாழ்த்திப் பாருங்கள். தளர்ந்த நரம்பு சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டால் உருளையைப் புரட்டிப் போட்டுத் தொடருங்கள். இழுவை இல்லாமல் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதையும், எறியும்போது கொத்தாக வெளியே வரும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் தானாக வழியும். மிகக் குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் குறையும்.

அடுத்தது டிராக். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக் இதுதான். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைக்க வேண்டும், 6 கிலோ நரம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. கைக்கணக்கில் வைக்காதீர்கள். நரம்பு முனையைச் சுருள் தராசில் கட்டி ஒருவர் இழுக்கட்டும், நீங்கள் ராடைச் சாய்வாகப் பிடியுங்கள், ஏனென்றால் வளைந்த ராடின் வளையங்களில் ஏற்படும் உரசலும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். இறுக்கமாக வைத்தால் முடிச்சில் அறும். தளர்ந்திருந்தால் செப்பிலி மீன் கல் இடுக்குக்குள் ஓடிவிடும், பிறகு அதை எடுக்க முடியாது.

நரம்பில் 20 முதல் 30 கிராம் ஓட்டை ஈயம், ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு). ஸ்விவலின் மறுபக்கம் 0.40 மி.மீ. நரம்பு அரை மீட்டர், முனையில் முள். மீன் இரையை இழுத்தால் நரம்பு ஈயத்துக்குள் ஓடும், பாரம் தெரியாது. முள்ளோடு சேரும் இந்த முன்நரம்பு தடிமனாக இருக்கக் காரணம் செப்பிலியின் பல்லும் கொடுவாயின் கூரான செவுள் மூடியும். கிழங்கானுக்கு 8 அல்லது 6 எண் முள்ளும் துண்டு இறாலும் போதும். கொடுவாய்க்கு 1/0 அல்லது 2/0 எண்ணில் முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள், உயிர் மடவைக் குஞ்சு. வட்ட முள்ளில் கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. நிதானமாகச் சுற்றினால் வாயோரத்தில் தானே மாட்டும்.

முடிச்சுக்கு: நரம்பை முள்ளின் கண்ணில் கோத்து, தன்மேல் 5 சுற்று சுற்றி, கண்ணருகே இருக்கும் வளையத்தில் நுழைத்து, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் நைலான் பலம் இழக்கும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலைக் கற்களிலும் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளிலும் ஈயம்தான் முதலில் சிக்கும். அங்கே ஓட்டை ஈயம் வேண்டாம். ஸ்விவலிலிருந்து ஒரு சாண் மெல்லிய நரம்பில் ஈயத்தைத் தனியாகத் தொங்கவிடுங்கள். இழுத்தால் அது மட்டும் அறும், மீனும் முள்ளும் கைக்கு வரும்.

கெளுத்தி மாட்டினால் முதுகு முள்ளையும் பக்க முள்ளையும் தொடாமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வீடு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து ரீலைக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். நிழலில் காய்ந்த பின், நரம்பு திரும்பும் சின்ன உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், உப்பில் முதலில் இறுகுவது அதுதான். பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே உள்ள வில்லைகள் அமுங்கி அடுத்த முறை நரம்பு விட்டு விட்டு ஓடும்.