ஆய்விதழுக்குத் திருட்டுப் புகார் வந்தால் என்ன செய்வது? புதிய பொறுப்பாசிரியருக்கு ஒரு செய்முறை

ஆந்திர எல்லையில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் சிறிய ஆய்விதழ் ஒன்றுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடிப்பது, மெய்ப்புப் பார்ப்பது, இதழ்களைக் கட்டி அஞ்சலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். நகரி, புத்தூர், சித்தூர், இந்தப் பக்கம் திருத்தணி என எல்லைக்கு இரண்டு புறமிருந்தும் கட்டுரைகள் வருகின்றன. எழுதுகிறவர்களில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு.

இதே வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "சார், நாங்கள் வெளியிட்ட கட்டுரை திருட்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இணையத்திலிருந்து எடுத்துவிடட்டுமா?"

எடுக்காதீர்கள் என்றேன். பிறகு ஒரு மணி நேரம் அவரிடம் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதல் படி: கை வைக்காதீர்கள், பதிவு செய்யுங்கள்

புகார் வந்த நாள், வந்த வழி, கட்டுரையின் இப்போதைய பிடிஎஃப், அது முதலில் வந்து சேர்ந்தபோது இருந்த வடிவம், மதிப்பீட்டாளர் அறிக்கைகள், கட்டுரையாளர் கையெழுத்திட்ட உறுதிமொழி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்டால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் கோப்பு மட்டும்தான். துறையின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரிகூடப் போடாதீர்கள். அங்கே போட்டால் அன்று மாலைக்குள் தேநீர்க் கடையில் தீர்ப்பே வந்துவிடும்.

புகார் தந்தவருக்கு, "கிடைத்தது, பார்க்கிறோம்" என்று இரண்டு வரி போதும். மொட்டைக் கடிதமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பெயர் இல்லை என்பதற்காகச் சான்று பொய்யாகிவிடாது. பக்க எண்ணும் வரியும் குறிப்பிட்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். "அவன் யோக்கியன் இல்லை" என்று மட்டும் இருந்தால் சான்று கேட்டு எழுதுங்கள். பெயர் சொன்னவரின் பெயரை அவர் அனுமதி இல்லாமல் கட்டுரையாளரிடம் சொல்லக் கூடாது.

இரண்டாம் படி: அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரலாமா?

சின்ன ஊர்களில் இதுதான் பெரிய சிக்கல். கட்டுரையாளர் உங்கள் மாணவரா, உறவினரா, உங்களோடு சேர்ந்து எழுதியவரா, போன ஆண்டு உங்களோடு சண்டை போட்டவரா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் கோப்பை ஆசிரியர் குழுவில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கொடுத்த காரணத்தையும் அதிலேயே எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: விழுக்காட்டை நம்பாமல் படியுங்கள்

ஒரு கட்டுரை ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று ஒப்புமை மென்பொருள் ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணைப் பார்த்ததும் நமக்குள் இருக்கும் நீதிபதி எழுந்து நின்றுவிடுகிறார். என்னிடமும் ஒரு முறை எழுந்தார். ஓர் ஆய்வு மாணவியின் கட்டுரைக்கு 38 விழுக்காடு காட்டியது. சற்றுக் கடுமையாகவே ஒரு கடிதம் எழுதினேன். மறுநாள் பணிவாகப் பதில் வந்தது: "ஐயா, அது என்னுடைய ஆய்வேடுதான்." எடுத்துப் பார்த்தேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் அவருடைய பல்கலைக்கழகம் ஏற்றியிருந்த அவருடைய சொந்த ஆய்வேட்டோடு மென்பொருள் ஒப்பிட்டிருந்தது. ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதுவது வழக்கம்தான். இது இன்ன ஆய்வேட்டின் பகுதி என்று ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தால் போதும், அதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்தக் கடிதமும் கோப்பில் இருக்கிறது.

எழுத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளைப் பலரும் இங்கே தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை அடுத்தது, 60-க்கு மேல் கடைசி நிலை என்று அதில் வகுத்திருக்கிறார்கள். கல்லூரியும் பல்கலைக்கழகமும் தங்கள் மாணவர் மீதும் ஆசிரியர் மீதும் எடுக்கும் நடவடிக்கைக்கான அளவு அது. 9 விழுக்காடு திருடலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. கட்டுரையின் முடிவுரை முழுக்க இன்னொருவருடையதாக இருந்தாலும் மொத்தக் கணக்கில் 8 விழுக்காடுதான் காட்டும். மறுபுறம், மேற்கோள்கள், நூற்பட்டியல், சட்டப் பிரிவுகளின் வாசகம் எல்லாம் சேர்ந்தால் நேர்மையான கட்டுரையே 30-ஐத் தொடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே திருட்டு பெரும்பாலும் மொழி மாறி வருகிறது. எங்களிடம் இருக்கும் மென்பொருளுக்கு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போனதைப் பிடிக்கத் தெரியாது.

நகரி விசைத்தறிக் குடும்பங்களின் கூலி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டோம். ஒப்புமை 6 விழுக்காடு, மதிப்பீட்டாளர் இருவரும் பாராட்டியிருந்தார்கள். இதழ் வந்து இரண்டு மாதத்தில் புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினார்: இது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தெலுங்கு ஆய்வேட்டின் மூன்றாம் இயல். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தமிழ்க் கட்டுரையில் ஓரிடத்தில் 'தறி' என்பதற்குப் பதில் 'மக்கம்' என்று இருந்தது. தெலுங்குச் சொல். ஆனால் நகரிப் பக்கம் தமிழ் பேசுகிறவர் வாயிலும் அந்தச் சொல் வரும். அதை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மாட்டிக்கொடுத்தது அட்டவணை. மூன்று தெருக்களில் கணக்கெடுத்த குடும்பங்கள் 17, 14, 11. மொத்தம் 43 என்று போட்டிருந்தது. கூட்டிப் பாருங்கள், 42-தான் வரும். தெலுங்கு ஆய்வேட்டிலும் 43. அதோடு முடியவில்லை. முதல் தெருவின் பங்கு 39.5 விழுக்காடு என்று இரண்டிலும் இருந்தது. 17-ஐ 43-ஆல் வகுத்தால்தான் அந்த எண் வரும். கருத்து இரண்டு பேருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம், கூட்டல் தவறு ஒரே இடத்தில் ஒன்றுபோலத் தோன்றுவது அரிது. ஆகவே சந்தேகம் வந்தால் சொற்களை விட்டுவிட்டு முதலில் எண்கள், எழுத்துப் பிழைகள், மேற்கோளில் தவறிப்போன பக்க எண்கள் ஆகியவற்றைப் பாருங்கள்.

பார்த்ததை இரண்டு பத்தி அட்டவணையாக எழுதுங்கள். இடப்புறம் மூலம், வலப்புறம் கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் பக்க எண். அடைமொழிகள் வேண்டாம்.

நான்காம் படி: கட்டுரையாளரிடம் கேளுங்கள்

பதிப்பு நெறிமுறைக்கென்று பிரிட்டனில் 1997-இல் தொடங்கிய 'கோப்' (COPE) என்ற அமைப்பு, இந்த மாதிரிச் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் படிப்படியான வழிகாட்டிப் படங்களை வெளியிட்டிருக்கிறது. உறுப்பினர் ஆகாவிட்டாலும் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். கட்டுரையாளர் மீதான புகார்களுக்கான படங்களில் ஒன்று பொது: தீர்ப்புக்கு முன்னால் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும். நான் அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் இதழில் வெளிவந்த தங்கள் கட்டுரைக்கும் இத்துடன் இணைத்துள்ள ஆய்வேட்டுக்கும் இடையே சில ஒற்றுமைகள் இருப்பதாக எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. ஒப்பீட்டு அட்டவணையையும் இணைத்திருக்கிறோம். இந்த ஒற்றுமை எப்படி ஏற்பட்டது என்று தாங்கள் 21 நாட்களுக்குள் எழுத்தில் விளக்க வேண்டுகிறோம். தரவுகளை எங்கிருந்து, எப்போது பெற்றீர்கள் என்பதற்கான சான்று இருந்தால் அதையும் அனுப்பவும். தங்கள் விளக்கத்தைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கப்படாது."

'திருட்டு' என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 21 நாள் என்பது என் வழக்கம், உங்கள் இதழ் ஒரு காலக்கெடுவை முன்கூட்டியே அறிவித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: பதில் வந்தாலும், வராவிட்டாலும்

விளக்கம் நியாயமாக இருந்தால் நன்றி சொல்லி, புகார் தந்தவருக்கும் தெரிவித்துக் கோப்பை மூடுங்கள். பதிலே வராவிட்டால் அந்தக் கட்டுரையைச் சேர்ந்து எழுதிய இணை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். தன் பெயர் அந்தக் கட்டுரையில் இருப்பதே தெரியாத இணை ஆசிரியர்களை நான் இரண்டு முறை சந்தித்திருக்கிறேன். அங்கிருந்தும் ஒன்றும் வராவிட்டால், அல்லது விளக்கம் ஒட்டாமல் இருந்தால், அவர் பணிபுரியும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். மேற்சொன்ன 2018 விதிகளின்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் இதற்கென்று குழு இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டுங்கள்.

நீங்கள் போலீஸ் இல்லை. ஊதிய உயர்வை நிறுத்துவதும் பட்டத்தைப் பறிப்பதும் உங்கள் வேலை இல்லை, அது நிறுவனத்தின் வேலை. வாசகர் கையில் இருக்கும் பதிவைச் சரியாக வைப்பதுதான் உங்கள் வேலை.

அதே கட்டுரையாளர் உங்கள் இதழில் முன்பு எழுதியவற்றையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். திருப்பதியில் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை பல நாட்டு ஆய்விதழ்களில் வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் 2008-இல் மோசடிப் புகாரில் சிக்கின. அத்தனை இதழ்களும் தம் முன்னால் இருந்த ஒன்றிரண்டை மட்டும் பார்த்திருந்தால் மொத்தக் கணக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் படி: பதிவைத் திருத்துங்கள்

கட்டுரை இன்னும் அச்சேறவில்லை என்றால் எளிது. காரணத்தை எழுதி நிராகரித்துவிடலாம்.

வெளிவந்துவிட்டால் மூன்று வழிகள். சிறு பகுதியில்தான் கோளாறு, முடிவு மாறவில்லை என்றால் திருத்தக் குறிப்பு. சந்தேகம் வலுவாக இருக்கிறது, விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது என்றால் எச்சரிக்கைக் குறிப்பு. முடிவுகளை நம்பவே முடியாது, அல்லது படைப்பு வேறொருவருடையது என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவது. வேண்டுமென்று செய்த மோசடி என்று நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, நேர்மையான பிழைக்காகவும் திரும்பப் பெறலாம்.

திரும்பப் பெறுவது என்றால் அழிப்பது இல்லை. அந்தத் தம்பி செய்யப்போன தவறு இதுதான். கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறுக்கே விழும். தனி அறிவிப்பு ஒன்றில் தலைப்பு, ஆசிரியர் பெயர், யார் திரும்பப் பெறுகிறார்கள், ஏன் என்பதெல்லாம் இருக்கும். அதைப் படிக்க யாரும் பணம் கட்ட வேண்டியிருக்கக் கூடாது. அழித்துவிட்டால் ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விடும். லான்செட் இதழ் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை 2010-இல் திரும்பப் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுத் தாமதம்தான், ஆனால் இன்றும் அதைத் திறந்தால் அந்த முத்திரையோடு பார்க்கலாம்.

வேறு சில வகைகள், சுருக்கமாக

கட்டுரையின் ஆசிரியர் பெயர்களையோ அவற்றின் வரிசையையோ மாற்றக் கேட்டால் எல்லோரிடமும், நீக்கப்படுகிறவரிடமும், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரே கட்டுரை இரண்டு இதழில் வந்தால் பொதுவாக முதலில் வந்தது நிற்கும், பிந்தியது போகும். செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போட்டு வந்தால் ஏற்காதீர்கள், கட்டுரைக்கு அது பொறுப்பேற்க முடியாது.

கட்டுரையாளரே பரிந்துரைத்த மதிப்பீட்டாளர் மறுநாளே "மிக அருமை" என்று பதில் அனுப்பினால் அந்த மின்னஞ்சல் முகவரியைச் சரிபாருங்கள். 2014-இல் ஓர் அயல்நாட்டு இதழ், போலி மதிப்பீட்டாளர் வலையைக் கண்டுபிடித்து ஒரே மூச்சில் 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மாமிடி தாண்ட்ராவை (மாம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்யும் தின்பண்டம்) சேமித்து வைப்பது பற்றி எங்களுக்கு வந்த கட்டுரையில் முதல் நாள் படமும் அறுபதாம் நாள் படமும் வேறு வேறாகத்தான் தெரிந்தன. இரண்டாவதைச் சுழற்றினேன். ஓரத்தில் இருந்த காற்றுக்குமிழி அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

விசைத்தறிக் கட்டுரை என்ன ஆயிற்று?

இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. "மொழிபெயர்ப்பும் உழைப்புதானே, சார்?" என்று கேட்டிருந்தார். உழைப்புதான். மூல ஆசிரியரிடம் கேட்டு, மொழிபெயர்ப்பு என்று போட்டு அனுப்பியிருந்தால் நானே மகிழ்ந்து வெளியிட்டிருப்பேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம், அவருடைய கல்லூரிக்கும் எழுதினோம்.

தெலுங்கு ஆய்வேட்டை எழுதிய அம்மாவுக்கும் எல்லாவற்றையும் விளக்கி ஒப்பீட்டு அட்டவணையை அனுப்பினேன். கோபமாகப் பதில் வரும் என்று நினைத்தேன். அவர் எழுதியது நான்கே வரி. மொத்தம் 42-தான், நான்கு ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை, பட்டம் வாங்கி நூலகத்தில் சேர்ந்துவிட்ட ஆய்வேட்டில் இதை எப்படித் திருத்துவது, யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்காக அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு நானும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.