மூன்று சட்டியா, ரெண்டு சட்டியா: எம்எம்ஏ ஒட்ஸ் (பந்தய விலை) வாசிக்கிற விதம்

2022 ஓகஸ்ட் 21, ஞாயிறு காலை. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதிது. மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து, யூஎஃப்சி 278 என்கிற எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக்கலை) போட்டி பார்க்கக் கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தேன். சண்டை நடந்த சோல்ட் லேக் சிட்டியில் அப்போது சனி இரவு. கமாரு உஸ்மானிடம் இருந்த வெல்ட்டர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்துக்கு லியோன் எட்வர்ட்ஸ் மோதுகிறார், முக்கால்வாசிப் பேர் உஸ்மான் பக்கம். வெளியே என்ன விலை ஓடியதோ, நாங்கள் எங்களுக்குள் எட்வர்ட்ஸுக்கு 3.00 என்று பேசி, நான் ஒரு சட்டி எருமைத் தயிர் கட்டினேன். நாலாம் ரவுண்ட் முடிய, தயிர் தனக்குத்தான் என்று கூட்டாளி கித்துள் பாணிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டான். ஐந்தாம் ரவுண்டில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரம், எட்வர்ட்ஸின் இடது கால் உஸ்மானின் தலையில் விழுந்தது, அதோடு எட்வர்ட்ஸ் வென்றார்.

எங்கள் சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நான் மூன்று சட்டி கேட்டேன். "மூன்றில் ஒன்று உன்ர சட்டிதானே மச்சான், நான் தரவேண்டியது ரெண்டு" என்றான். அவன் சொன்னதுதான் சரி என்று விளங்க எனக்குப் பின்னேரம் ஆகிவிட்டது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்று போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறியைப் பாருங்கள்

அமெரிக்க முறையில் ஒருவருக்கு −250, மற்றவருக்கு +200 என்று இருக்கும். (இது விளக்கத்துக்கு நான் போட்ட விலை, எந்தச் சண்டையுடையதும் இல்லை.) கடன் கொப்பி பார்த்துப் பழகிய ஆள் நான், மைனஸ் என்றால் பின்தங்கியவர் என்றே கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்மாறு. மைனஸ்காரர்தான் ஃபேவரிட் (வெல்வார் என்று எதிர்பார்க்கப்படுபவர்), பிளஸ்காரர் அண்டர்டோக் (வாய்ப்புக் குறைந்தவர்). −250 என்றால் 100 ரூபா லாபம் பார்க்க 250 கட்ட வேண்டும். +200 என்றால் 100 கட்டினால் லாபம் 200. மைனஸில் எழுதியிருப்பது கட்டுகிற காசு, பிளஸில் எழுதியிருப்பது கிடைக்கிற காசு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்த 100.

அடுத்தது டெசிமல், நான் விழுந்த இடம்

அதே விலைகளை டெசிமலில் எழுதினால் 1.40, 3.00. மைனஸுக்கு 100ஐ அந்த எண்ணால் வகுத்து 1 கூட்டுங்கள்: 100 ÷ 250 = 0.40, கூட்ட 1.40. பிளஸுக்கு அந்த எண்ணை 100ஆல் வகுத்து 1 கூட்டுங்கள்: 200 ÷ 100 = 2, கூட்ட 3.00.

கடைசியில் கூட்டுகிறோமே, அந்த 1தான் என் தயிர்ச் சட்டி. டெசிமலில் நீங்கள் கட்டிய காசும் உள்ளே இருக்கிறது. 1.40க்கு 1000 ரூபா கட்டி வென்றால் கைக்கு 1400 வரும், அதில் லாபம் 400 மட்டும். 3.00க்குக் கட்டினால் 3000 வரும், லாபம் 2000. அமெரிக்க முறைக் கணக்கில் வருவது லாபம் மட்டும், டெசிமல் கட்டிய காசையும் சேர்த்துச் சொல்கிறது, இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிற எவனும் ஒருநாள் இதில் இடறுவான். எனக்கு டெசிமல்தான் பிடிக்கும், ஒரு பெருக்கலில் வேலை முடியும். இதற்கென்று ஆப் ஒன்றும் இறக்கத் தேவையில்லை, போனில் இருக்கிற கல்குலேட்டர் போதும்.

பிறகு வீதம்

எங்கள் குழுவில் காத்தான்குடிக் கூட்டாளி ஒருவன் இருக்கிறான், தயிர்கூடக் கட்டமாட்டான், ஹராம். ஆனால் கணக்கில் எங்கள் எல்லாரையும் விழுங்கிவிடுவான். 1ஐ டெசிமலால் வகுக்கச் சொன்னது அவன்தான், அந்த விலை ஒருவருக்குக் கொடுக்கிற வெற்றி வாய்ப்பு நூற்று வீதத்தில் வரும். 1 ÷ 1.40 = 71.4 வீதம். 1 ÷ 3.00 = 33.3 வீதம். இப்போது கூட்டிப் பாருங்கள், 104.7 வருகிறது. இரண்டு பேரில் ஒருவர் வெல்வதற்கு 100க்கு மேல் எப்படி வரும்? அந்த மேல்மிச்சம்தான் பந்தயக் கடைக்காரனின் கூலி. ஒவ்வொன்றையும் 104.7ஆல் வகுத்தால் கூலி கழிந்த வீதம் வரும், கிட்டத்தட்ட 68, 32.

விலையைப் பார்க்க முன்னமே உங்கள் மனதில் இருக்கிற வீதத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு எழுதினால் கை தானாக அந்தப் பக்கம் சாயும், நான் அனுபவித்தது. அண்டர்டோக்குக்கு நீங்கள் 25 வீதம்தான் கொடுக்கிறீர்கள், 3.00 விலையோ 33.3 கேட்கிறது. அப்படியென்றால் அவர் வெல்லக்கூடியவர்தான், ஆனால் அந்த விலைக்கு ஆகாது. சந்தையில் மீன் நல்லதாக இருந்தும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோமே, அதுதான்.

ஸ்ட்ரெய்ட் பெட் (ஒரு சண்டைக்குத் தனியாகக் கட்டுவது) எதற்குக் காசு தரும்

யார் வெல்கிறார் என்பதற்கு மட்டும். நொக்கவுட்டோ, சப்மிஷனோ (பிடியில் சிக்கித் தோல்வியை ஒப்புக்கொள்வது), நடுவர் புள்ளியோ, எந்த ரவுண்டோ, எல்லாம் ஒன்றுதான். எட்வர்ட்ஸ் அதுவரை புள்ளியில் பின்னுக்கு நின்றார் என்பதற்காக என் தயிரில் ஒரு கரண்டியும் குறையவில்லை. புதிதாக வருபவர்கள் இதோடு நிற்பது நல்லது. மூன்று நான்கு சண்டைகளைக் கோத்துக் கட்டுகிற பார்லே பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் விலைகள் பெருகும்போது கடைக்காரனின் கூலியும் சேர்ந்தே பெருகும்.

நீங்கள் கட்டிய நேரத்து விலைதான் உங்களுக்கு. அதற்குப் பிறகு ஒருவர் தன் பிரிவின் எடை வரம்பைத் தாண்டி விலை ஆடினாலும் உங்கள் துண்டில் இருப்பது மாறாது.

பின்சேர்க்கை 1: சமநிலை வந்தால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 2020 டிசம்பரில் யூஎஃப்சியில் ஃபிகெய்ரெடோவும் மொரேனோவும் மோதியது அப்படித்தான் முடிந்தது, இடுப்புக்குக் கீழே உதைத்ததற்கு ஃபிகெய்ரெடோவுக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். இரண்டு பெயர் மட்டும் உள்ள பட்டியலில் பெரும்பாலும் கட்டிய காசு திரும்பும். சமநிலைக்கென்று மூன்றாவது வரி போட்டிருந்தால் பெயருக்குக் கட்டியது போய்விடும், அதனால் முதலில் வரிகளை எண்ணுங்கள். முடிவில்லை என்று அறிவித்தாலும் காசு திரும்புவதுதான் வழக்கம். 2021 மார்ச்சில் எட்வர்ட்ஸின் விரல் பெலால் முஹம்மதின் கண்ணில் பட்டு சண்டை அப்படி நின்றது.

பின்சேர்க்கை 2: எக்செலில் போட்டால் பிழை காட்டுது என்று எழுதிய தம்பிக்கு: இணையத்தில் இருந்து ஒட்டும்போது மைனஸுக்குப் பதிலாக நீளக் கோடு வந்துவிடும், எக்செல் அதை எழுத்தாக எடுக்கும். அழித்துவிட்டு விசைப்பலகையில் இருக்கிற மைனஸை அடியுங்கள். +200 என்று அடித்தால் கூட்டல் குறி காணாமல் போய் 200 மட்டும் நிற்கும், அது பரவாயில்லை.