கிளைடரை இழுத்து மேலே கொண்டுபோகும்போது செய்யக்கூடாத தவறுகள்

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. 50, 60 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் ஒரு சின்ன விமானம் அதை இழுத்து மேலே ஏற்றும். இதில் விபத்து என்றால் கிளைடரில் இருப்பவருக்குத்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அவர் செய்யும் தவறால், முன்னால் விமானத்தில் இழுத்துக்கொண்டு போகிறவரின் உயிரே போகலாம்.

கிளைடர் சட்டென்று இழுவை விமானத்துக்கு மேலே எகிறிவிட்டால், கயிறு அந்த விமானத்தின் வாலைத் தூக்கிவிடும், மூக்கு தரையைப் பார்த்துக் கவிழும். பிரிட்டனில் நல்ல உயரத்தில் வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள்; சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கயிறு விறைத்து நிற்கும்போது சில வகைக் கொக்கிகள் லேசில் கழலவும் செய்யாது. தரையை ஒட்டிப் பறக்கும்போது இப்படி நடந்தால் இழுப்பவருக்கு மீள வழியே இல்லை.

பெரும்பாலும் அற்ப விஷயத்தில்தான் இது தொடங்குகிறது. கிளைடர் ஓட்டுபவர் தன் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைச் சரியாகப் பூட்டாமல் கிளம்பியிருப்பார், அது படாரென்று திறக்கும், ஒரு கையால் அதைப் பிடிக்கப் போவார், மறு கை தன்னை அறியாமல் ஸ்டிக்கை, அதாவது கிளைடரை ஓட்டும் கோலை, பின்னால் இழுத்துவிடும், கிளைடர் மேலே எகிறும். மூடி போனால் போகட்டும், கண் இழுவை விமானத்தின் மேலேயே இருக்கட்டும். அது கண்ணிலிருந்து மறைந்தால் யோசிக்கவே கூடாது, உடனே மஞ்சள் கைப்பிடியை இழுத்துக் கயிற்றை விடுங்கள். எடை குறைந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதிலும் கொக்கி மூக்கில் இல்லாமல் வயிற்றுப்பக்கம் இருந்தால் கிளைடர் சுலபமாக எகிறும். கிளம்பும் முன்பே டிரிம்மை, அதாவது மூக்கு தானாக ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கும் அமைப்பை, சரிபாருங்கள்.

ஓடுபாதையில் இறக்கை தரையில் இடித்தாலும் உடனே கயிற்றை விட வேண்டும், 'சமாளித்துவிடலாம்' என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம் சைகைக் குழப்பம். இழுப்பவர் வால் சுக்கானை இடவலமாக ஆட்டினால் 'உன் ஏர்பிரேக் திறந்திருக்கிறது, பார்' என்று அர்த்தம்; ஏர்பிரேக் என்பது கிளைடரைச் சீக்கிரம் கீழே இறக்க இறக்கையிலிருந்து எழும் தகடு. இறக்கைகளை ஆட்டினால்தான் 'உடனே கயிற்றை விடு'. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஏர்பிரேக் திறந்தபடியே தாழ்வான உயரத்தில் கயிற்றை விட்டுவிட்டு விழுந்தவர்கள் உண்டு. சுக்கான் ஆடினால் கை முதலில் ஏர்பிரேக் நெம்புகோலுக்குத்தான் போக வேண்டும்.

கயிறு தாழ்வாகவே அறுந்துவிட்டால், சுமார் 200 அடிக்குக் கீழே என்றால், ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, நேரே முன்னால் எந்த வயல் இருக்கிறதோ அதில் இறக்குங்கள்.