பெல்லட் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கடப்பது எப்படி: சென்னை ஏர் ரைஃபிள் வீரர்களுக்கும் பெற்றோருக்கும்

ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டான பெல்லட்டுக்குத் தட்டுப்பாடு வரும்போது ஸ்கோரைக் கெடுப்பது லாட் கலப்படம், அதாவது வேறு வேறு தொகுதியில் தயாரான பெல்லட்டுகளை மாற்றி மாற்றிச் சுடுவது. டின் கிடைக்காமல் யாரும் பயிற்சியை அடியோடு நிறுத்துவதில்லை. கடையில் கிடைத்ததை, தெரிந்தவர் கொடுத்ததை, ஆன்லைனில் அகப்பட்டதை எல்லாம் வாங்கிக் குவித்து, ஒரு வாரம் ஒரு லாட், மறுவாரம் வேறொன்று என்று சுடுகிறார்கள். அப்புறம் ஒரு ஷாட் 10க்குள் விழாமல் 9.8 விழுந்தால் அது கையின் குற்றமா, பெல்லட்டின் குற்றமா என்று கோச்சுக்கே தெரியாது. பதற்றத்தில் பத்து டின் வாங்குவதைவிட, யோசித்து ஒரே லாட்டில் மூன்று டின் வாங்குவது மேல்.

தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். மேட்ச் தரத்தில் நம் ரேஞ்சுகளில் புழங்கும் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் ஜெர்மனியில் தயாராகின்றன. ஜே.எஸ்.பி. செக் நாட்டுச் சரக்கு. யூரோ ஏறினாலும், சுங்கத்தில் தாமதமானாலும் விலை உடனே அசையும். பெல்லட் ஈயம் என்பதால் எடையும் அதிகம், 0.53 கிராம் பெல்லட் 500 அடங்கிய டின்னில் ஈயம் மட்டுமே 265 கிராம். அதனால் சரக்குக் கட்டணமும் விலையில் நன்றாகவே உறைக்கும். இதற்கு மேல் போட்டிக் காலண்டர். மாநிலப் போட்டி, அடுத்து தேசியப் போட்டிக்குத் தகுதிப் போட்டியான ஜி.வி. மாவ்லங்கர், ஆண்டுக் கடைசியில் தேசியப் போட்டி என்று வரிசையாக வரும்போது எல்லோரும் ஒரே மாதத்தில் கடைக்குப் போகிறார்கள். சென்னைக்கு அந்த மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியது போன்ற ஒரு வாரம் வந்தால் கூரியரை நம்பிப் பயனில்லை. ஆகவே சீசனுக்கான சரக்கு செப்டம்பர் முடிவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

எத்தனை டின் தேவை

இதைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், எழுதிப் பாருங்கள். ஒரு மேட்ச் 60 ஷாட், ஆண் பெண் இருவருக்கும் அதுதான். சைட்டர், அதாவது மேட்சுக்கு முன் கணக்கில் வராமல் சுட்டுப் பார்க்கும் ஷாட், 15 சேர்த்தால் 75. வாரத்துக்கு இரண்டு முழு மேட்ச் என்றால் 150. டெக்னிக் பயிற்சி இரண்டு நாள், நாளுக்கு 40 என்றால் 80. மொத்தம் 230. பதினாறு வாரத்துக்கு 3,680, அதாவது எட்டு டின். இதே வீரர் வாரம் ஐந்து நாள், தினமும் 120 என்று கணக்கில்லாமல் சுட்டால் 9,600 ஆகிவிடும், இருபது டின் வேண்டும். அந்தக் கூடுதல் பன்னிரண்டு டின்னில் பெரும்பகுதி களைத்த தோளோடு சுட்ட ஷாட்டுகள்தான். காசு போவதோடு தப்பான பழக்கமும் உடம்பில் ஏறுகிறது.

அந்த எட்டு டின்னையும் மேட்ச் தரத்தில் வாங்க வேண்டாம். மேட்சுக்கு மூன்று, பயிற்சிக்கு ஐந்து என்று பிரியுங்கள். போட்டிக்கு முந்தைய பத்து நாளும் போட்டி நாளும் மட்டும் மேட்ச் லாட். மற்ற நாட்களுக்கு அதே நிறுவனத்தின் ஒரு படி கீழான பெல்லட் போதும், ஆனால் எடை ஒன்றாக இருக்கட்டும். ரைஃபிளுக்கு 0.53 கிராம் பழகியவர் விலை குறைவு என்று 0.45க்கு மாறினால் பெல்லட் விழும் இடம் நகரும், ஒவ்வொரு முறையும் சைட் கிளிக்கைத் திருப்பி சீரோ (குறியும் விழும் இடமும் ஒன்றாகும் அமைப்பு) மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

ஒரு ஷாட்டுக்கான சராசரி இன்னும் 10.0ஐத் தொடாத பிள்ளைக்கு விலை உயர்ந்த டின் வாங்கித் தருவது வீண். எலெக்ட்ரானிக் டார்கெட்டில் ஒவ்வொரு 0.1க்கும் மையத்திலிருந்து 0.25 மி.மீ. தூரம் என்று கணக்கு. நல்ல பெல்லட்டுக்கும் சுமாரான பெல்லட்டுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ஷாட்டுக்கு 0.2தான். அந்தப் பிள்ளையின் ஹோல்டிங் (ரைஃபிளைக் குறியில் பிடித்து நிறுத்துவது) அதைவிடப் பல மடங்கு அலைகிறது. தட்டுப்பாடு வந்தால் முதலில் பதறுவது இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான். அவர்கள் கொஞ்சம் பொறுத்தாலே கடையில் பாதிக் கூட்டம் குறையும்.

வாங்கும் இடத்தில்

டின்னின் அடியிலோ பின்பக்கமோ லாட் எண் ஒட்டியிருக்கும், பெல்லட்டின் தலை அளவும் 4.49, 4.50 மி.மீ. என்று இருக்கும். பணம் கொடுக்கும் முன்பே, "அண்ணே, மூணு டின்னும் ஒரே லாட்டா?" என்று கேட்டு, எண்ணைக் கண்ணால் பாருங்கள். அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த டின்களே வேறு வேறு லாட்டாக இருப்பது சகஜம். ஆன்லைனில் என்றால் டின்னின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். டின் நசுங்கியிருந்தாலும், சீல் டேப் இரண்டாம் முறை ஒட்டியது போல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். கீழே விழுந்த டின்னில் பெல்லட்டின் பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, வளைந்திருக்கும். அது பேரலில் சரியாக அடைக்காது, காற்று கசியும், அந்த ஷாட் தனியாக ஓடும்.

விலை விஷயத்தில் நமக்குச் சட்டம் துணை நிற்கிறது. இறக்குமதி செய்த பொட்டலப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருந்தே ஆக வேண்டும். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அதைச் சொல்கின்றன. கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் பணம் வாங்கினால் பில் கேளுங்கள். பில்லும் ஸ்டிக்கர் படமும் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்; தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஸ்டிக்கரே இல்லாத டின்னுக்கு இந்தப் பிடி கிடையாது, எவ்வளவு கேட்டாலும் அதுதான் விலை. அதனால் அந்த டின்னைத் தொடாமல் இருப்பதே நல்லது.

விலை நியாயமா என்று பார்க்க டின்னை விட்டுவிட்டு ஒரு மேட்சுக்கு என்ன ஆகிறது என்று கணக்கிடுங்கள். டின் 1,500 ரூபாய் என்றால் பெல்லட் 3 ரூபாய், 75 ஷாட் மேட்ச் 225 ரூபாய். அதே டின் 2,000 ஆனால் மேட்ச் 300. வாரம் இரண்டு மேட்சுக்கு 150 ரூபாய் கூடுகிறது. இந்த 150 ரூபாயைச் சமாளிக்க டெக்னிக் நாளில் 40க்குப் பதில் 20 ஷாட் சுட்டுவிட்டு மிச்சத்தை டிரை ஃபயராக, அதாவது பெல்லட் போடாமல் டிரிகரை மட்டும் இழுக்கும் பயிற்சியாக, மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

கிளப்பாகச் சேர்ந்து வாங்குவது எல்லாவற்றிலும் நல்ல வழி. எழும்பூரிலோ வேளச்சேரியிலோ ஒரே ரேஞ்சில் சுடும் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் 20 டின், 10,000 பெல்லட், ஈயம் மட்டும் 5.3 கிலோ. அந்த அளவுக்கு ஆர்டர் போட்டால் ஒரே லாட்டைக் கேட்டு வாங்க முடியும். ஆனால் முதலில் ஒரே ஒரு டின் வரவழைத்துச் சோதித்த பிறகே மீதியை உறுதி செய்யுங்கள். ஒருவர் ரைஃபிளுக்குச் சரிப்பட்ட லாட் இன்னொருவருக்கு ஒத்துவராமல் போகலாம். பேரலுக்குப் பேரல் வித்தியாசம் உண்டு.

லாட்டைச் சோதிப்பது

ரைஃபிளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பூட்டிச் சோதிக்கும் வசதி எல்லா ரேஞ்சிலும் இல்லை. மேஜை மேல் மணல் பை வைத்து, உட்கார்ந்த நிலையில் சுட்டால் போதும். லாட் மாற்றியதும் முதல் பத்து ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு புதுக் காகிதத்தில் பத்து ஷாட் குரூப் மூன்று. வெர்னியர் காலிப்பரால் துளையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து 4.5 கழியுங்கள். வெளி அளவு 6.5 மி.மீ. வந்தால் மையத்துக்கு மையம் 2 மி.மீ.; மணல் பையில் இது நல்ல லாட். மூன்று குரூப்பில் ஒன்று மட்டும் விரிந்தால் கையைச் சந்தேகப்படுங்கள், மூன்றும் விரிந்தால் லாட்டை. ரைஃபிளின் காற்றுச் சிலிண்டர் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை நடுவே காற்று தீர்ந்து ஷாட்டுகள் கீழே இறங்கினால் பழி பெல்லட் மேல் விழும்.

டிரை ஃபயர்

பெல்லட் இல்லாத நாளில் செய்யும் மாற்று வேலை என்று இதை நினைக்க வேண்டாம், இதுவே முக்கியப் பயிற்சி. ஒரு லைவ் ஷாட்டுக்கு இரண்டு டிரை என்பது தட்டுப்பாட்டுக் காலத்துக்கு ஏற்ற விகிதம்.

மேட்ச் தரப் பி.சி.பி. (சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்திய காற்றில் சுடும்) ரைஃபிள்களில் பெரும்பாலும் டிரை ஃபயர் வசதி இருக்கும். அதை எப்படிப் போடுவது என்று கையேட்டைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் ஒருபோதும் செய்யக் கூடாது. பெல்லட் தடுக்காத காற்றில் பிஸ்டன் நேராகப் போய் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும்.

வீட்டில் என்றால் பெல்லட் டின் வேறு அறையில் இருக்கட்டும். பெல்லட் போடும் வாயான பிரீச்சைத் திறந்து, காலி என்று நீங்களும் பார்த்து இன்னொருவரிடமும் காட்டுங்கள். குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. முதல் பதினைந்து நிமிடம் வெறும் வெள்ளைச் சுவர். டார்கெட் இல்லாதபோது முன் சைட் எப்படி அசைகிறது, டிரிகர் விடும்போது எந்தப் பக்கம் குதிக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். அதன் பிறகு சின்ன டார்கெட். 10 மீட்டரில் கருவட்டம் 30.5 மி.மீ.; ஹால் 5 மீட்டர் என்றால் 15.25, 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9 மி.மீ. வட்டம். ஏர் பிஸ்டலுக்கு 59.5ஐ அதே விகிதத்தில் குறைக்கவும். மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டையும் திரும்பப் பார்க்காமலே எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், நாற்பதோடு நிறுத்துங்கள்.

சேமிப்பு

நம் ஊர்க் காற்றில் ஈயம் வெளுக்கும். வாங்கிய டின்களை மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படத்தில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் புதிது போடவும். மர அலமாரி வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். ஃப்ரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பரண்மேல் வையுங்கள். வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடாதீர்கள். வாயால் ஊதவே கூடாது, அது ஈயப் பொடி. எண்ணெய் தடவி மெருகேற்றும் யோசனையும் வேண்டாம், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. டார்கெட்டுக்குப் பின்னால் உள்ள டிராப்பில் விழுந்த பெல்லட்டை மறுபடி சுட வழியில்லை, ஆனால் அந்த ஈயத்தைக் கிளப்பே சேர்த்து மறுசுழற்சிக்கு விற்றால் அடுத்த ஆர்டருக்கு ஒரு கைச்செலவு தேறும்.

.22 சுடுபவர்களுக்கு

.22 என்பது காற்றில் சுடாமல் வெடிமருந்துத் தோட்டாவில் சுடும் ரைஃபிள், இங்கே கதை வேறு. 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், .22க்கு வேண்டும். லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் ஆயுதச் சட்டப்படி குற்றம். நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுப்பதும் அப்படியே. பதுக்கல் என்ற யோசனைக்கே இங்கு இடமில்லை. .22இல் போடும் ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவை மறுபடி நிரப்பவும் முடியாது. ஆகவே கிளப் ஒதுக்கும் தோட்டாக்களை சைட் சீரோவுக்கும் முழு மேட்சுக்கும் வைத்துக்கொண்டு, நிலை, மூச்சு, டிரிகர் வேலையை ஏர் ரைஃபிளில் செய்யுங்கள். .22ஐ வெறுமனே டிரை ஃபயர் செய்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் அடித்துத் தடம் போடும். சேம்பரில் போடும் டிரை ஃபயர் பிளக் கட்டாயம். ஈரம் ஏறிய பழைய தோட்டா வெடிக்காமல் போனால் பேரலை டார்கெட் பக்கமே 30 விநாடி வைத்திருந்து, ரேஞ்ச் அதிகாரியைக் கைதூக்கி அழைத்த பிறகே போல்ட்டைத் திறக்கவும். அந்தத் தோட்டாவை இரண்டாம் முறை போட்டுப் பார்க்காமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.