பழைய பெல்ஜியம் பிஸ்டல்கள்: இனம் காண்பது, சரிபார்ப்பது, சேகரிப்பது

ஏலப் பட்டியலிலோ அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னாலோ "பிரவுனிங், பெல்ஜியம், சுமார் 1900" என்று ஒரு சீட்டு இருக்கும். அது எந்த மாடல், எப்போது செய்தது, பாகங்களெல்லாம் அதனுடையவைதானா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. துப்பாக்கியின் இரும்பே சொல்லும், படிக்கத் தெரிந்தால். 1899 முதல் 1922 வரை பெல்ஜியத்தின் லியேஜ் நகர வட்டாரத்தில் செய்த அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகளைப் படிக்கும் முறை இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரிசை மாற்றாமல் செய்வது நல்லது.

முன்கதை, தேவையான அளவுக்கு

லியேஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டாலில் 1889இல் ஃபாப்ரிக் நாசியோனால் ஆலை தொடங்கியது. பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மவுசர் ரைஃபிள்கள் செய்துகொடுப்பதுதான் அதன் முதல் வேலை. அந்த ஆர்டர் தீர்ந்தால் ஆலைக்கு வேலை இருக்காது. அதனால் ஆலையின் பிரதிநிதி ஹார்ட் பெர்க் 1897இல் அமெரிக்கா போனார். சைக்கிள் உற்பத்தியைப் பார்க்கப் போனவர், அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரவுனிங்கின் பிஸ்டலோடு திரும்பினார். அந்த ஆண்டு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1899 மாடல், சில மாற்றங்களோடு 1900 மாடல், பிறகு 1903, 1906, 1910, 1922 என்று குடும்பம் வளர்ந்தது. 1900 மாடல் மட்டுமே ஏறத்தாழ ஏழு லட்சம் விற்றது. பிரவுனிங் இறந்ததும் இதே எர்ஸ்டால் ஆலையில்தான், 1926 நவம்பரில்.

அந்த வட்டாரத்தில் ஆலை இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். பீப்பர் நிறுவனத்தின் பேயார்ட், சார்ல் க்ளெமான், ரோபார் நிறுவனத்தின் மெலியோர் எல்லாம் லியேஜ் சரக்குதான். பிரவுனிங் பெயர் இல்லாததால் பலர் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குறைந்த பணத்தில் நல்ல பொருள் கிடைப்பதும் அதனால் இங்கேதான்.

படி 1: சட்டம்

"நூறு வருடப் பழசு, ஆன்டிக்தானே, லைசன்ஸ் எதற்கு?" என்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 முடிவுக்குள் செய்தவைதான் ஆன்டிக். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையே 1899இல்தான் பிறந்தது. ஒரே ஒரு வருடம் தள்ளிப் போனதால் இவற்றில் ஒன்றுகூட அங்கே ஆன்டிக் கணக்கில் வராது. ஐம்பது வருடம் கடந்த சேகரிப்புப் பொருள் என்ற தனிப் பிரிவில்தான் வரும். கனடாவில் 2022 அக்டோபர் முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்கல் விற்றல் முடக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 1997 தடைக்குப் பிறகு மிகக் குறுகிய விதிவிலக்குகளே உண்டு.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டே. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் "இது சுடாது" என்று விற்பவர் வாயால் சொல்வது அந்த விலக்கு ஆகாது. எழுத்தில் இல்லாத எதையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உரிமச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் நேராகப் படி 8க்குப் போகலாம்.

படி 2: காலியா என்று பார்ப்பது

துப்பாக்கி கைக்கு வந்ததும், விற்பவர் என்ன சொன்னாலும், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் பிடியுங்கள். முதலில் மேகசினை (கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை) உருவுங்கள். பிறகு ஸ்லைடை (சுடும்போது பின்னுக்குப் போய்வரும் மேல்பகுதியை) பின்னால் இழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டாவை நீங்களே உள்ளே ஏற்றியவர் ஆவீர்கள்.

1910 மாடலில் ஒரு பொறி இருக்கிறது. மேகசினை எடுத்துவிட்டால் விசை வேலை செய்யாது. அதைப் பார்த்து, "மேகசின் இல்லை, ஆபத்தும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அறைக்குள் ஒரு தோட்டா அப்படியே உட்கார்ந்திருக்கலாம். 1900 மாடலில் இந்தத் தடையே கிடையாது. மேகசின் இல்லாமலும் சுடும்.

படி 3: ஸ்பிரிங் எங்கே?

ஆண்டு முத்திரையையும் பெயரையும் கொஞ்சம் மறந்துவிட்டு, காலி என்று உறுதி செய்த துப்பாக்கியின் குழல்முனைப் பக்கத்தைக் கவனியுங்கள். ஸ்லைடை முன்னால் தள்ளும் பெரிய ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே மாடலைப் பிரித்துவிடலாம்.

குழலுக்கு மேலே என்றால் 1899 அல்லது 1900. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம் தெரியும். மேல் வட்டம் ஸ்பிரிங், கீழ் வட்டம் குழல். 1900இல் குழலின் நீளம் 102 மி.மீ. ஒரே ஸ்பிரிங்தான் ஸ்லைடையும் தள்ளுகிறது, சுடும் ஊசியையும் ஓட்டுகிறது. இரண்டையும் இணைக்கும் ஒரு நெம்புகோல் மேலே இருக்கிறது. ஊசி பின்னிழுக்கப்படாமல் இருக்கும்போது அந்த நெம்புகோல் குறிபார்க்கும் பள்ளத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். சுத்தியல் வெளியே தெரியாத துப்பாக்கியில் "தயார் இல்லை" என்று சுடுபவனுக்குச் சொல்ல இவ்வளவு எளிய வழி வேறு இல்லை. பிரவுனிங்கின் மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் இதைப் பாருங்கள். பேயார்ட் 1908இலும் ஸ்பிரிங் மேலேதான். ஆனால் உருவம் மிகவும் குட்டையாக இருக்கும், குதிரைவீரன் முத்திரையும் இருக்கும்.

குழலுக்குக் கீழே என்றால் 1903 அல்லது 1906. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. 1903 பெரிய சர்வீஸ் துப்பாக்கி, குழல் 127 மி.மீ. 1906 சட்டைப்பைக்குள் அடங்குவது, மொத்த நீளமே 114 மி.மீ.

குழலைச் சுற்றி என்றால் 1910 அல்லது 1922. முன்முனையில் சொரசொரப்பான வளையம் இருந்தால் 1910. ஸ்லைடின் முன்னால் தனியாகக் கழற்றும் மூக்குத்துண்டு இருந்து, குழல் 114 மி.மீ. ஆக இருந்தால் 1922. பின்னது 1910ஐயே நீட்டிச் செய்தது. யுகோஸ்லாவியா 1923இல் கொடுத்த பெரிய ஆர்டர்தான் அதற்குக் காரணம். 1910இன் வளையத்தைக் கழற்றும்போது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வளையமும் ஸ்பிரிங்கும் அறையின் மூலைக்குப் பறந்துவிடும். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

மாடல் பெயரில் உள்ள ஆண்டை விற்பனை ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "1910" கடைக்கு வந்தது 1912இல். இதை வைத்தே சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்கால். அந்தச் செய்தியோடு 1910 மாடலின் படத்தைப் போட்டிருந்தால் அது தவறு. அப்போது அது சந்தையிலேயே இல்லை.

நேர்மாறான தவறு சரயேவோவில் நடந்தது. 1914இல் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டை கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது 1900 மாடல், 7.65 மி.மீ. என்று பல்லாண்டு எழுதிவந்தார்கள். உண்மையில் அது 1910 மாடல், 9 மி.மீ. குட்டைத் தோட்டா, வரிசை எண் 19074. இப்போது வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதையைத் திருத்தியது எண்தான்.

படி 4: தோட்டா அளவு

6.35 மி.மீ. என்றால் பிரவுனிங் வரிசையில் 1906. 7.65 என்றால் 1900, 1910, 1922, பேயார்ட் என்று பலவும் இருக்கலாம். சிக்கல் வருவது "9 மி.மீ." என்ற இடத்தில். அந்தக் காலத்தில் 9 என்ற பெயரில் குறைந்தது நான்கு வேறு தோட்டாக்கள் இருந்தன. தோட்டாக்கூட்டின் நீளம் 17 மி.மீ. என்றால் குட்டை 9 (1910, 1922, பேயார்ட் 1908). 19 என்றால் ஜெர்மன் பாராபெல்லம். 20 என்றால் பிரவுனிங் நீள 9 (1903). 23 என்றால் பெர்க்மன்-பேயார்ட். ஒன்றுக்கொன்று மாற்றாகாது. மேகசினில் நுழைகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை.

ஸ்வீடன் 1903 மாடலை எம்/1907 என்று ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரில் பெல்ஜியம் ஜெர்மனியின் பிடிக்குள் போய் வரத்து நின்றதும், ஹுஸ்க்வர்னா ஆலை 1917 முதல் 1942 வரை தானே செய்தது. பின்னாளில் அமெரிக்காவுக்கு வந்த ஸ்வீடன் சரக்கில் பெரும்பகுதியை, அங்கே எளிதாகக் கிடைக்கும் குட்டை 9க்கு மாற்றிவிட்டார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. தோட்டா அறைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே செருகிய குழாயின் விளிம்பு மெல்லிய வட்டக் கோடாகத் தெரியும். மாற்றியதற்கு விலை குறைவு, குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

படி 5: முத்திரையும் எண்ணும்

பத்து மடங்கு உருப்பெருக்கி, டிஜிட்டல் காலிப்பர், சிறிய டார்ச் போதும். லியேஜில் 1672 முதல் சோதனைச் சாலை இருக்கிறது. அதில் தேறாத துப்பாக்கி விற்பனைக்குப் போகக் கூடாது. நீங்கள் தேட வேண்டியவை: முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துகளும் நட்சத்திரமும், 1893 முதல் மேலே கிரீடம், லியேஜ் நகரின் பெரோன் தூண், எழுந்து நிற்கும் சிங்கத்தின் கீழே பி, வி என்ற எழுத்துகள், இது புகையற்ற வெடிமருந்துச் சோதனைக்கு, நட்சத்திரத்தின் கீழ் ஒற்றை எழுத்து, இது சோதித்தவரின் அடையாளம். 1922 முதல் ஆண்டைக் குறிக்கும் சிறிய எழுத்தும் சேர்ந்தது. எனவே 1906இல் செய்ததாகச் சொல்லும் துப்பாக்கியில் ஆண்டு எழுத்து இருந்தால் விசாரியுங்கள். மறுசோதனைக்குப் போயிருக்கலாம், குழல் மாற்றியிருக்கலாம்.

பிறகு வரிசை எண். சட்டம் (கைப்பிடியும் விசையும் உள்ள உடல்பகுதி), ஸ்லைடு, குழல் மூன்றிலும் ஒரே எண்தானா? 1910இல் குழல் எண் தோட்டாக்கூடு வெளியேறும் சன்னல் வழியாகவே தெரியும். எண்கள் வேறுபட்டால் அது சேர்த்துக் கட்டிய துப்பாக்கி. வாங்கலாம், ஆனால் அந்த விலைக்குத்தான்.

படி 6: போலியும் ஒப்பனையும்

1900 மாடலைச் சீனப் பட்டறைகளில் ஏராளமாகப் பிரதி எடுத்தார்கள். எழுத்துகள் தலைகீழாகவோ அர்த்தமில்லாமலோ இருக்கும். சிலவற்றில் சம்பந்தமே இல்லாத மவுசர் முத்திரை. இன்று அவற்றையும் தனியாகச் சேகரிக்கிறவர்கள் உண்டு. பெல்ஜியம் விலை கொடுக்காமல் இருந்தால் சரி. ஸ்பெயினின் ஐபார் ஊர்க்காரர்கள் 1903ஐப் பார்த்துச் செய்த ரூபி வகைகளில் பாதுகாப்பு நெம்புகோல் விசைக்கு மேலே, சட்டத்தின் நடுவில் இருக்கும். அசல் 1903இல் அது பின்பக்கம் இடதுபுறம், கைப்பிடியின் முதுகிலும் அழுத்துப் பாதுகாப்பு (பிடித்து அழுத்தினால்தான் சுடும் அமைப்பு) உண்டு.

1922இல் வேறு ஏமாற்று. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் கால ஆய்வு முத்திரை இருந்தால் விலை கூடும் என்பதால், போருக்கு முந்தைய துப்பாக்கியில் அதை அடித்துவிடுகிறார்கள். 613, 103, 140 என்ற எண்களோடு வரும் கழுகு முத்திரை அது. அசல் என்றால் போர்க்காலச் சொரசொரப்பான வேலைப்பாடும் கூடவே தெரியும். கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பரப்பில் அந்தக் கழுகு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மறுபூச்சு கண்டுபிடிக்க: எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, திருகுக் குழியின் விளிம்பு தட்டுபோல் உள்வாங்கியிருக்கிறதா, துருக்குழிக்குள்ளேயும் இரும்பின் நீலப் பூச்சு இறங்கியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். தேய்ந்த அசல் பூச்சு பளபளக்கும் புதுப் பூச்சைவிட மேல்.

படி 7: வைத்திருப்பது

கைப்பிடித் தகடுகள் பெரும்பாலும் கெட்டி ரப்பர். கறுப்பாக இருந்தது வெளிச்சத்தில் பழுப்பாகும். அதிலுள்ள கந்தகம் கசிந்து அமிலமாகி, தகட்டுக்கு அடியிலுள்ள இரும்பை அரிக்கும். ஆகவே வாங்கியதும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். திருகுப்பள்ளத்தை முழுதாக நிரப்பும், பக்கம் இணையான முனையுள்ள திருப்புளிதான் வேண்டும். ஆப்பு முனை நழுவினால் அந்தக் கீறல் விலையில் தெரியும். ரப்பரை வெந்நீரில் கழுவாதீர்கள், நிறம் அப்போதே போய்விடும்.

இரும்புக்கு லேசான எண்ணெய், அதற்கு மேல் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிய பூச்சு. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள். நம் கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்தாவிட்டால் இது நடக்காது. தோலுறையோடு கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதற்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்துவைக்கும். சுட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். நூறு வருடக் களைப்படைந்த ஸ்பிரிங், ஸ்லைடைச் சட்டத்தில் மோதவிட்டு விரிசல் விழச் செய்யும்.

படி 8: துப்பாக்கி இல்லாமல் சேகரிக்க

உரிமம் கிடைக்காதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் காகிதம் இருக்கிறது: ஆலையின் பயன்பாட்டுக் கையேடுகள், விலைப்பட்டியல்கள், பழைய அஞ்சலட்டைகள். பிரவுனிங்கின் 1899 மார்ச் அமெரிக்கக் காப்புரிமை 621747ஐ இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். படி 3இல் சொன்ன ஸ்பிரிங்கும் நெம்புகோலும் அதில் வெட்டுப்படமாகவே இருக்கின்றன. அச்செடுத்து வைத்துக்கொண்டு, லியேஜின் கிராண்ட் கூர்சியுஸ் அருங்காட்சியக ஆயுதப் பிரிவுப் படங்களோடு ஒப்பிட்டுப் பழகுங்கள்.

பொருளோ காகிதமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை போடுங்கள்: மாடல், மூன்று எண்கள், முத்திரைகளின் படம், குழல் நீளம், வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை. விற்பவர் சொன்ன கதையை அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்.